நாகமலைக் குகையில் நான்காம் நாள்

ஜட்காக்காரன் நாகமலை அடிவாரத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய் இது நான்காம் நாள். குகையில் தனியாகத் தியானம். மௌன விரதம் வேறு. சமணத் துறவிகள் செதுக்கிய கல்படுக்கை என் தொந்தியைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறது. விடிந்ததிலிருந்து பாறைக்குப் பின்னால் ஓர் ஆடு கத்துகிறது. அதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மனம் அடங்கிவிட்டதென்று பெருமையாகக்கூட இருக்கிறது.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி மூச்சிரைக்க மேலேறி வருகிறாள்.

"சாமி, ஆட்டுச் சத்தம் கேட்டுச்சா? தலையீத்துச் சினை, முதக் குட்டி. நேத்துல இருந்து காணோம்."

விரதம் போகிறது. "காலையிலேருந்து கத்துது. பாறைக்குப் பின்னாடி."

"கேட்டுக்கிட்டேவா இம்புட்டு நேரம் உக்காந்திருந்தீக?"

பதிலுக்கு நிற்காமல் ஓடுகிறாள். நானும் ஓடுகிறேன். பாறை இடுக்கில் ஆடு கிடக்கிறது. குட்டியின் முன்னங்குளம்புகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

"ஆட்டுத் தலையப் பிடிங்க சாமி."

பிடிக்கிறேன். ஆடு முக்கும்போதெல்லாம் அவள் மெல்ல இழுக்கிறாள். குட்டி வழுக்கி வந்து விழுகிறது, அசைவில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்து ஊதுகிறாள். ஒரு தும்மல். ஈரம் சொட்டச் சொட்ட அந்த உயிர் எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. மூச்சுவிடவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆட்ட விடுங்க சாமி, குட்டிய நக்கட்டும்" என்கிறாள்.

இன்னும் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிகிறது.