திருப்பிப் போட்ட ஜாக்கெட்

வெளிநாட்டுச் சுற்றுலா வந்த இடத்தில், பிரிக்பீல்ட்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு உடுத்தச் சொல்லிக்கொடுக்கப் போய் அசடு வழிந்து நிற்கிறேன். சாலையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர், சட்டைக்கு மேல் போடும் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் மார்பில் வரும்படி மாட்டியிருக்கிறார்.

"ஜாக்கெட்ட மாத்திப் போட்டுட்டீங்கம்மா."

அவர் சிரிக்கிறார். "இங்க எல்லாரும் இப்படித்தான் லா அங்கிள். ஓட்டுறப்ப கையில, நெஞ்சுல வெயில் படாது. நிறுத்துனா சட்டுனு கழட்டிடலாம்."

"வெயிலா? வானம் பூரா மேகமால்ல இருக்கு?"

"மேகம் இருந்தாலும் சுடும் அங்கிள். உங்க தொப்பி எங்க?"

விடுதிக் கட்டிலில் கிடக்கிறது. என் வழுக்கையில் முளைத்த ஒரு கறுப்புப் புள்ளியைப் போன மாதம்தான் டாக்டர் சந்தேகப்பட்டு வெட்டி எடுத்தார். அங்கே வெயில் படவே கூடாது என்றும் சொன்னார். மேகத்தைப் பார்த்ததும் அவரை மறந்துவிட்டேன். இந்தக் கறுத்த தோலை எந்த வெயில் என்ன செய்துவிடும் என்ற மதுரைத் திமிர் வேறு.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டுகிறார். ஊதா நிறம், ஓரமெல்லாம் பூ. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டு, வேண்டாம் என்று நடக்கிறேன்.

மாலையில் தையல் போட்ட இடம் தீயாக எரிகிறது. போனில் மனைவியிடம் நடந்ததைச் சொல்லித் தலையைக் காட்டுகிறேன். அவள் திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்க்கிறாள்.

"மறுபடி வெட்டத் தலையில நிறைய எடம் கெடக்குன்னு நெனப்பா உங்களுக்கு?"