சென்னைக்கு அனுப்பாத படம்

அறையில் நான்கு பேர் இருந்தோம்: மண்டபத்தூரிலிருந்து வந்த ஏழரை மாதக் கர்ப்பிணி, அவளுடைய மாமியார், நர்ஸ் அக்கா, ஸ்கேன் எடுக்கும் நான். அவள் கணவர் கடலுக்குப் போயிருந்தார். எங்கள் டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். என் படங்களைச் சரிபார்க்கும் டாக்டரம்மா சென்னையில் இருந்தார். காரைக்காலுக்கு அவர் வந்ததேயில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷின் வந்தது. மாதம் பத்துப் படங்களை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவேன். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்புவார். அவருடைய முகம் எனக்குத் தெரியாது, கையெழுத்துக்குப் பயப்படுவேன்.

கர்ப்பிணிகள் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. இவள் வீட்டிலேயே குடித்திருந்தாள். பஸ் வேறு தாமதம். நர்ஸ் அக்கா வழக்கம்போல இன்னொரு சொம்பை நீட்டினார்.

"முட்டுதுக்கா. தாங்க முடியல."

"குடிச்சாதாம்மா புள்ள தெரியும்."

மாமியார் சிரித்தார். "நாங்கல்லாம் கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டே பெத்தோம். இவளுக்கு ஒரு சொம்புத் தண்ணிக்கு மூஞ்சி கோணுது."

அவள் நெளிந்ததில் படம் கலங்கலாக வந்தது. மாலையில் அதைப் பார்த்த எங்கள் டாக்டர், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பதாகச் சொன்னார். திடீரென்று ரத்தம் போகலாம், ஆபரேஷன் ஆகலாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, படுத்தபடியே இருக்க வேண்டும். கணவர் வலையில் தனக்கிருந்த பங்கை விற்று, காரைக்காலில் ஓர் அறை பிடித்து, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவளுக்குக் காவலிருந்தார்.

அந்த மாதத்துப் பத்தில் அந்தப் படத்தை நான் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அடித்தல் திருத்தல் உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டு வாத்தியாரிடம் நோட்டை நீட்டிப் பழகியவன். தெளிவாக வந்தவற்றை மட்டுமே பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன், பாராட்டுக்காக. வந்த பதில் இது: "பத்தும் அழகு. கண்காட்சி வைக்கவா கேட்டேன்? சரியாக வராதவற்றை அனுப்புங்கள்."

இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு சரியாக வராதவற்றை அனுப்பினேன். மண்டபத்தூர்ப் பெண்ணின் படம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "நீர்ப்பை ததும்பி நிற்கிறது. அது அழுத்தினால் நஞ்சு கீழே இருப்பதுபோலத் தோன்றும். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லி, உடனே மறுபடி பாருங்கள்."

அன்றே பார்த்தோம். எங்கள் டாக்டரும் பக்கத்தில் நின்றார். நஞ்சு மேலே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"இதுக்கா என்னை ஒரு மாசம் படுக்க வச்சீங்க?" என்றாள் அவள். உரிய மாதத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

விவரம் எழுதினேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நர்ஸ் அக்காவின் சொம்பை நிறுத்தச் சொன்னார். இன்னொன்றும் கேட்டிருந்தார்: "இந்தத் தவறால் அந்தக் குடும்பத்துக்கு என்ன செலவானது? நேரில் கேட்டுப் படத்தின் கீழே எழுதி வையுங்கள்."

மண்டபத்தூருக்குப் போனேன். கணவர் வேறொருவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ரூம்பு வாடகை, சாப்பாடு, தொழிலுக்குப் போவாத நாளு, வலைப் பங்கு அடிமாட்டு வெலைக்குப் போனது. எல்லாஞ் சேத்து ரெண்டாயிரத்து நூறுங்க, தம்பி."