எண்ணெய் வைக்காத தலை

பம்பாய்க்கு வந்து நான் முதலில் விட்டது தலைக்கு எண்ணெய் வைப்பதைத்தான். ஊரில் இருப்பவர்கள் இதை நாகரிக மோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மூளையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவன் நான். தலையில் சின்னச் சின்னத் தகடுகளைப் பசை போட்டு ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதச் சுருளில் கோடுகளாக வரைந்தெடுக்கும் மெஷின் ஒன்று எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது. எண்ணெய்த் தலையில் தகடு நிற்காது. வழுக்கினால் இல்லாத நோயெல்லாம் காகிதத்தில் தெரியும். நோயாளிகளோடு ஒப்பிட நல்ல தலைகளும் வேண்டுமே, அதற்கு மாணவர்களான நாங்களே மாறி மாறி உட்காருவோம். ஆகவே வறண்ட தலையோடு திரிந்தேன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், "என்னல, தலை இப்படிக் காஞ்சு கெடக்கு? ஊர்ல துட்டி கிட்டி விழுந்துட்டா?" என்று, ஊரில் யாரோ செத்துப்போனதாகவே நினைத்துப் பதறினார். குழாயடியில் மராத்திக்கார அம்மாள் ஒருத்தியும் அதையே இந்தியில் கேட்டாள். தலையில் மெஷின் வைக்கிறார்கள் என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். "பாகல்கானா மே?" என்றாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா என்கிறாள்! அன்று முதல் வரிசையில் எனக்கு முன்னால் இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டாள். எனக்குத் தண்ணீர் சீக்கிரம் கிடைத்தது.

அந்தக் கூடத்தில் தமிழ் பேச எனக்கு வாய்த்த ஒரே ஆள் சுந்தரம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், அப்பா ரயில்வே ஆபீஸில் பெரிய உத்தியோகம். தாராவியில் இருக்கிறேன் என்றால் அரை அடி தள்ளி நிற்கும் மாட்டுங்காக்காரர்கள் உண்டு. சுந்தரம் அப்படி நிற்கவில்லை. போன தீபாவளிக்கு என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனான். விடியற்காலையில் அவன் அம்மா, மாமி என்றுதான் நான் கூப்பிடுவேன், எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். கிண்ணத்தைக் கையில் கொடுத்து நீயே தடவிக்கொள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "என்னடா கூச்சம், குனி" என்று தன் கையாலேயே என் உச்சியில் காய்ச்சின எண்ணெயை வைத்துத் தேய்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்லி மழுப்பினேன். இந்த ஊரில் எனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டதாக அன்று முழுக்க நம்பினேன்.

மறுநாள் பதிவுக்கு வரவேண்டிய ஆள் பண்டிகை மயக்கத்தில் வரவில்லை. "நீ உக்காருடா" என்றான் சுந்தரம். "நேத்து வச்ச எண்ணெய் போயிருக்காதே" என்றேன். "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுடறேன், ஒண்ணும் ஆகாது" என்று அவனே துடைத்து, அவனே தகடுகளை ஒட்டினான். சில நாள் கழித்து அந்தச் சுருளைப் பார்த்த எங்கள் பேராசிரியர் முகம் சுளித்தார். இடது பக்கத்தில் ஈட்டி முனை போலக் கூரான அலைகள். வலிப்புக்காரர்களிடம் காணும் அலை. எங்கள் இருவரில் ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பட்டத்தை அங்கேயே முடிக்க வைப்பதாக அவர் சொல்லியிருந்த சமயம் அது. எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சொன்னேன். அவர் சுந்தரத்தைக் கேட்டார்: "தகடு ஒட்டும்போது தலையில் எண்ணெய் இருந்ததா?"

சுந்தரம் காகிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "இல்லை சார், உலர்ந்துதான் இருந்தது" என்றான்.

இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். எடுத்தார்கள், சுத்தமாக வந்தது. வலிப்புக்காரனுக்கும் பல நாள் சுத்தமாகத்தான் வரும் என்றார் பேராசிரியர். அதில் தப்பு சொல்ல முடியாது, நானும் அதைத்தான் படித்திருக்கிறேன். படித்த படிப்பே கழுத்தை அறுத்தது. அமெரிக்கா சுந்தரத்துக்குப் போயிற்று. மெஷின் அறைப் பக்கம் வராதே, திடீரென்று ஏதாவது ஆகிவிடும் என்று என் ஆராய்ச்சியையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போக, இன்று நான் தவளைக் காலிலிருந்து நரம்பு உரித்துக்கொண்டிருக்கிறேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லடா. உனக்கு அடுத்த வருஷம் வராமலா போயிடும்?" என்று என் தோளைத் தட்டினான். மராத்திக்காரனோ குஜராத்திக்காரனோ செய்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. வெளியார் என்றால் மனசு கொஞ்சம் தயாராக இருக்கும். இவனிடம் நான் தமிழில் அல்லவா பேசிச் சிரித்தேன்!

போன வாரம் அவன் விமானம் ஏறினான். போகக் கூடாது என்று இருந்தவன், அவன் அம்மா சொல்லியனுப்பியதால் சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்குப் போனேன். மாலையும் கழுத்துமாக அவன் உள்ளே போய் மறைந்ததும் மாமி என்னைத் தனியாக இழுத்தாள். "சுந்தரம் எல்லாம் சொன்னான். எங்கிட்ட மறைச்சுட்டியேடா. உன் அம்மாவுக்குத் தெரியுமோ? ரயில்ல வாசப்பக்கம் நிக்காதே. தனியாக் கடல்ல எறங்காதே." மடியிலிருந்து கனமான பழைய இரும்புச் சாவி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "பூட்டு எப்பவோ போயிடுத்து. இது எப்பவும் ஜேபில இருக்கட்டும். வந்துடுத்துன்னா கையில பிடிச்சுக்கோ."

எனக்கு ஒரு நோயும் இல்லை மாமி, உங்கள் பிள்ளை பொய் சொன்னான். வாய் வரை வந்தது. அவள் கண்ணில் நீர் நின்றது. அது பிள்ளைக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். சரி மாமி என்றேன்.

அவர்கள் டாக்ஸியில் போனார்கள், நான் ரயிலில். காற்றுக்காக வாசலில் தொங்கியே பழகியவன் உள்ளே போய் உட்கார்ந்தேன். மாகிமில் இறங்கினால் மாமா வீடு. அடுத்த மாட்டுங்கா ரோடில் இறங்கினால் மாமி வீடு. இரண்டு ஸ்டேஷனும் வந்து போயின. இறங்க மனம் வரவில்லை. வலிப்பே இல்லாதவன் நான், அந்த இரும்பை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.