அளவுகோல் வைத்து எடுத்த படங்கள்

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நடந்தது நடுராத்திரியில் இல்லை. கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை. அக்டோபர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த பட்டப்பகலில் நடந்தது. யாருக்கு நடந்ததோ, அவள் இன்றைக்கும் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அந்த ஹார்டு டிஸ்க் அவள் கடை அலமாரியின் மேல்தட்டில், ஒரு துண்டில் சுற்றி வைத்தபடி இருக்கிறது.

பார்லரில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே பாதங்கள்தான். ஊரில் பாதிப் பெண்களின் கால்கள் அவள் மடியில் ஏறி இறங்கியிருக்கின்றன. பாளம் பாளமாக வெடித்த குதிகால், பூஞ்சை பிடித்து மஞ்சளாகப் போன நகம், எதைப் பார்த்தும் முகம் சுளிக்க மாட்டாள். வெந்நீர் டப்பில் காலை வைக்கச் சொல்லிவிட்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவாள்.

பெற்ற அப்பாவின் காலைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். சர்க்கரை நோய். இடது பாதத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. வாழ்நாள் முழுக்க நிலத்தை அளந்த மனுஷன் புண்ணையும் அளக்க ஆரம்பித்தார். தினமும் காலையில் கட்டைப் பிரித்து, பக்கத்தில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கேமராவில் ஒரு படம் எடுப்பார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேதியும் அளவும் போட்டுப் பெயர் வைப்பார். டாக்டருக்குக் காட்டத்தான். ஆனால் மகளுக்கும் காட்ட ஆசைப்பட்டார்.

"கடைக்கு வர்றவங்களுக்குச் செய்யற மாதிரி ஒரு தடவை கழுவி விடேம்மா" என்று கேட்டார்.

"நாளைக்குப்பா" என்றாள்.

அந்த நாளை வரவே இல்லை. ஒரு நாள் கட்டு அவிழ்ந்திருந்த நேரத்தில் அறைக்குள் போனவள், நாற்றம் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்தார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்; அதைப் புதைக்கிற பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். இருபத்தெட்டாம் தேதி அப்பாவே போய்ச் சேர்ந்தார்.

வாடகை வீட்டை அக்டோபர் பத்துக்குள் காலி செய்ய வேண்டும். கம்ப்யூட்டரோ சாகக் கிடந்தது. வேறு கம்ப்யூட்டர் என்றால் தூக்கிப் போட்டிருப்பாள். ஆனால் அதற்குள் அம்மா இருந்தாள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. ஆல்பங்களைக் கரையான் அரித்துவிட்டதால், மிச்சம் மீதியை அப்பா தன் கடைசி மாதங்களில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, ஆல்பங்களை எரித்துவிட்டார். அம்மாவின் முகம் என்று இனி உலகத்தில் இருந்தால் அது அந்தப் பழைய டிஸ்கில்தான்.

தம்பி வேறு ஊரில், ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தான். கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவன். புது ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று போனில் படிப்படியாகச் சொன்னான். முக்கியமாக ஒன்றைச் சொன்னான்.

"எதையும் அழிக்காதக்கா. முதல்ல காப்பி எடு. மத்ததெல்லாம் அப்புறம்."

காலை 11.40-க்கு அப்பாவின் அறையைத் திறந்தாள். ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த அறை. முதலில் களிம்பு வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. மூக்கைப் பொத்தக் கை தானாகப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கீபோர்டைப் பார்த்தாள். எழுத்துகளின் மேல் மஞ்சள் பிசுக்கு. கட்டு மாற்றிய கையோடு தட்டியிருக்கிறார். இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள்... தோல். மவுஸைத் தொட்டால் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு செதில். பின்பக்கக் காற்றோட்டத் துளைகளில் கரப்பான் முட்டைகள் அப்பியிருந்தன.

ஸ்கூட்டரிலிருந்து கடைப் பையை எடுத்து வந்தாள். கையுறை மாட்டினாள். பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். இடுக்கில் போன அழுக்கை நோண்ட, பேனா ஸ்டாண்டில் இருந்த அப்பாவின் ஸ்டீல் ஸ்கேல்தான் கிடைத்தது. நோண்டி முடித்து ஸ்கேலையும் ரிமூவரால் துடைத்து, கீபோர்டுக்கு வலது பக்கம் வைத்தாள்.

12.25-க்கு ஸ்விட்சைப் போட்டாள். டிக்... டிக்... என்றது பெட்டி. டிஸ்க் சாகும்போது அப்படித்தான் சத்தம் வரும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. சர்வேயர் வேலை அல்லவா, தேதி வாரியாகத்தான் அடுக்குவார். அன்றைக்கு ஸ்கேன் செய்த அம்மா படங்கள் பத்து, அன்றைக்கு எடுத்த கால் படம் ஒன்று. மறுநாள் அம்மா பத்து, கால் ஒன்று. அம்மாவைத் தொட வேண்டுமென்றால் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். மொத்தம் 1,312 படங்கள்.

அம்மா சிரிக்கிறாள். பக்கத்தில் சீழ். அம்மா இடுப்பில் கைக்குழந்தை. பக்கத்தில் கறுத்துப்போன சுண்டுவிரல்.

அம்மாவோடு இந்தக் கண்றாவியையும் சேர்த்து எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தம்பி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும், அருவருப்பு ஜெயித்தது. ஒவ்வொரு கால் படமாகத் தேர்ந்தெடுத்து அழிக்க ஆரம்பித்தாள். தலையைத் திருப்பிக்கொண்டு, அரைக்கண்ணால் பார்த்து, தொண்ணூறு படங்களை அழித்தாள்.

எண்ணிக்கையைப் பார்த்தாள். 1,312.

மறுபடி அழித்தாள். 1,312.

பழைய கம்ப்யூட்டர், கணக்குத் தப்பும் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் தேதிகளைக் கவனித்தாள். ஆகஸ்ட் ஏழு, 4.1 செ.மீ. ஆகஸ்ட் எட்டு, 4.3. ஒன்பதாம் தேதி அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதோடு படம் நின்றிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் பத்து, 4.9.

ஆகஸ்ட் பதினொன்று, 5.6.

வரிசை போய்க்கொண்டே இருந்தது. அப்பா செத்த இருபத்தெட்டைத் தாண்டியும் போனது. செப்டம்பர் முழுக்கப் போனது. கேமராவோ ஆகஸ்டிலிருந்து தம்பி வீட்டு அலமாரியில் கிடந்தது.

ஒரு படத்தைத் திறந்தாள். அதே பாதம். அதே ஸ்கேல். ஆனால் பின்னால் படுக்கை விரிப்பு இல்லை. மண். ஈர மண். ஓரத்தில் நீல பிளாஸ்டிக் உறை. தோல் பச்சையாக உப்பியிருந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக என்னவோ நெளிந்த மாதிரி...

சட்டென்று மூடினாள். குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

மணி 1.35. ஓடிப்போயிருக்கலாம். ஆனால் டிக் டிக் சத்தம் நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு விட்டால் அம்மா போய்விடுவாள். அம்மா படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் புது டிஸ்குக்கு இழுத்துவிட்டாள்.

பச்சைப் பட்டை கொஞ்ச தூரம் ஓடியது. அம்மாவின் கல்யாணப் படத்தில் நின்றது.

மீதி நேரம்: 1 நிமிடம்.

பத்து நிமிடம் கழித்தும் 1 நிமிடம். அரை மணி கழித்தும் 1 நிமிடம். டிக்... டிக்... டிக்...

நாற்றம் கூடியது. இப்போது களிம்பு வாசனையே இல்லை. அடியில் இருந்தது மட்டும்தான்.

வயர் கழன்றிருக்குமோ என்று, மேசைக்கடியில் காலை நீட்டிப் பெட்டியைத் தள்ளினாள்.

பாதத்தில் ஏதோ பட்டது.

ஜில்லென்று. வழவழவென்று.

பெட்டி இல்லை.

அவள் தொழில் அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும்.

விரல்கள்... ஐந்து.

மேசைக்கடியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். கேமரா ஃபிளாஷ்.

மணி 2.17.

நாற்காலி மேல் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள். குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் சொன்னாள்:

"சரிப்பா. பார்க்கறேன்."

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். அம்மாவையும், காலையும். ஒன்றையும் விடவில்லை. இழுத்துவிட்டு, முதல் கால் படத்தைத் திறந்தாள்.

பட்டை நகர்ந்தது.

கண்ணை எடுத்தாள். நின்றது.

பார்த்தாள். நகர்ந்தது.

அப்படியே பார்த்தாள். ஒவ்வொன்றாக. புண் பெரிதாவதை, விரல் கறுப்பதை, மண் ஒட்டுவதை, தோல் கழன்று சாக்ஸ் மாதிரி தொங்குவதை, எலும்பு தெரிவதை. இரண்டு முறை குமட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுக்கி விழுங்கினாள், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மூக்கை ஒரு தடவைகூடப் பொத்தவில்லை. 3.02-க்குக் காப்பி முடிந்தது. டிக் சத்தம் அதோடு நின்றது. பழைய டிஸ்க் அதன் பிறகு ஓடவே இல்லை.

புது டிஸ்கில் 1,313 என்று காட்டியது. ஒன்று கூட. அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். படத்தில் பார்த்த மண்ணைச் சொன்னாள், நீல உறையைச் சொன்னாள்.

"அப்பா காலை எங்கடா புதைச்ச?"

"இடுகாட்டுலன்னு சொன்னேன்ல."

"எங்கடா புதைச்ச?"

தம்பி அழுதுகொண்டே சொன்னான். ஆஸ்பத்திரியில் நீல உறையில் கட்டிக் கொடுத்தார்களாம். இடுகாட்டில் அன்றைக்கு ஆள் இல்லையாம். காருக்குள் நாற்றம், மடியில் அந்தக் கனம்... அவனால் முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால், அப்பா அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு முழம் தோண்டிப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தான். இரண்டு பேருமாகத் தோண்டினார்கள். மண்ணில் கிடந்த கண்ணாடிச் சில்லு கிழித்து அவள் வலது கைக் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. தம்பி தன் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் நீல உறை தெரிந்தது. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

அவிழ்த்தார்கள். உள்ளே இருந்ததைப் பற்றி விவரிக்க வேண்டாம். அவள் மதியம் பார்த்த கடைசிப் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது, நேராக, பாதத்தை ஒட்டி. துளி துரு இல்லை. எடுத்து முகர்ந்தாள். பாலிஷ் ரிமூவர் வாசனை.

தம்பி சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தான். அவள் போகவில்லை. கடைப் பையிலிருந்த டப்பில் வெந்நீர் ஊற்றினாள். கையுறையைக் கையில் எடுத்தாள், அப்புறம் கீழே போட்டுவிட்டாள். வெறுங்கையால், கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்கிற மாதிரியே, குதிகாலைத் தாங்கிப் பிடித்து, விரல் விரலாகக் கழுவினாள். அப்போது மணி 5.50. அருவருப்பாகத்தான் இருந்தது என்று அவளே சொல்கிறாள். கடைசி வரைக்கும் இருந்ததாம். புதுத் துண்டில் சுற்றி, அன்று இரவே இடுகாட்டில் அப்பாவின் பக்கத்திலேயே வைத்து மூடினார்கள்.

மறுநாள் தம்பி தன் லேப்டாப்பில் புது டிஸ்கைச் செருகினான். அம்மா படம் ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசியாக, கணக்கில் கூடுதலாக இருந்த அந்த ஒரு படத்தைத் திறந்தான்.

வெந்நீர் டப். அதில் ஒரு இடது பாதம். புண் இல்லை, கறுப்பு இல்லை. நகம் வெட்டிய, கழுவித் துடைத்த சுத்தமான பாதம். பக்கத்தில் ஸ்கேல். குதிகாலைத் தாங்கி ஒரு பெண்ணின் கை, கையுறை இல்லாமல். கட்டைவிரலில் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி கட்டியிருந்தது.

படத்தின் பெயர்: அக்டோபர் 5, 0.0 செ.மீ.

எடுத்த நேரம்: மதியம் 2.17.