சித்தி துடைத்த மீட்டர்

சித்தப்பாவின் கிணற்று மோட்டார் அந்தக் கோடையில் இரண்டாவது முறையாகக் கருகியபோது எங்கள் வீட்டில் யாரும் மோட்டாரைத் திட்டவில்லை. சித்தியின் அண்ணனைத் திட்டினார்கள். முதல் முறை கருகியபோது அதற்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருந்தது. சித்தப்பாவுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புதுச் சம்பந்தி இருக்க வெளி ஆளிடம் போவானேன் என்று என் அப்பாதான் மோட்டாரை அங்கே அனுப்பச் சொன்னார். திரும்பி வந்த மோட்டார் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தோட்டம் முழுக்க வாழை. குலை தள்ளியிருந்த நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் காய் திரளாது, மரம் சோர்ந்து ஒடிந்து விழும், ஒரு வருஷத்துப் பாடு மண்ணாகப் போகும். ஆகவே சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை இறக்கி வைத்த இடம்தான் சரியில்லை.

"பழைய கம்பியச் சுத்திக் குடுத்துட்டாரு உங்கண்ணன். மாப்ள ஊடுதான, எவன் கேக்கப்போறான்னு நெனச்சுட்டாரு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அப்பா மறுக்கவில்லை. அம்மா மட்டும், போனாப் போகுது விடுங்க என்று முனகினாள். சித்தி தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். தோசைக்கல்லைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்பது போல இருந்தது.

சித்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அண்ணன் பட்டறையிலேயே உட்கார்ந்து காயில் கட்டியவள். செம்புக் கம்பி ஓடி ஓடி அவள் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. பெரியநாயக்கன்பாளையம் பக்கம் அப்படி எத்தனையோ வீடுகளில் பெண்கள் காயில் கட்டினார்கள். பூக்கட்டுவது போல அதுவும் ஒரு கைவேலை என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தார்கள். பெண் பார்த்துவிட்டு வந்து "கை சுறுசுறுப்பு" என்று அம்மா பாராட்டியதோடு சரி. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு தலையும் வேலை செய்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மோட்டாரை எடுத்துப் போக அவள் அண்ணனே டெம்போவில் வந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அன்றைக்குக் கொடுத்த மோரைப் பாதி குடித்து வைத்துவிட்டார். பேச்சு எப்படியோ அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். சித்தி வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்.

"ஒரு எடத்துல மட்டும் கருகியிருக்குதாண்ணா?"

"இல்ல அம்மணி. சுத்தியும் ஒரே மாதிரி கருகியிருக்குது."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதைக் கேட்டதும் சித்தி நிமிர்ந்து நின்ற விதம் எனக்கு நினைவிருக்கிறது. காயில் கட்டியதில் கோளாறு என்றால் ஏதோ ஓரிடத்தில் உரசி அந்த இடம்தான் கருகும். எல்லாம் ஒன்றுபோலக் கருகினால் குற்றம் காயிலில் இல்லை, அதற்கு வெளியே எங்கோ இருக்கிறது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அண்ணன் அதை எங்கள் வீட்டாரிடம் சொல்லி வாதாடவில்லை. தங்கை வாழ வந்த வீடு. மறுபடியும் காயில் கட்டி அனுப்பி வைத்தார்.

மோட்டாரைப் பூட்டுகிற அன்று காலையில் சித்தி, "ஏனுங்க, நானும் தோட்டத்துக்கு வாரேனுங்க" என்றாள். சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மோட்டார் ரூம் என்பது ஆண்கள் பீடி குடிக்கவும் ரேடியோ கேட்கவும் உரிய இடம். புதுப்பெண் அங்கே எதற்கு? சித்தி பதிலுக்குக் காத்திருக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் எனக்கும் குஷி.

மோட்டார் ரூமுக்குள் சுவரில் ஒரு பலகை. அதில் இரண்டு மீட்டர்கள். ஒன்று பளிச்சென்று இருந்தது, வோல்டேஜ் காட்டுவது. பக்கத்தில் இருந்ததன் மேல் குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

"இந்த மீட்டர ஏனுங்க இப்படி உட்டு வெச்சிருக்கீங்க?"

"அது எத்தன கரண்டு இழுக்குதுன்னு காட்டறது. அதெதுக்கு? வோல்டேஜ் தெரிஞ்சாப் போதாதா? வோல்டேஜ் கம்மின்னா கரண்டும் கம்மியாத்தான் வரும். மோட்டாரு மெதுவா ஓடும். அதுக்கும் நோவு இல்ல" என்றார் சித்தப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது. வோல்டேஜ் குறைந்தால் வீட்டில் பல்பு மங்கி எரிவதைத் தினமும்தான் பார்க்கிறோமே.

"பல்புக்கு நீங்க சொல்றது சரிங்க" என்று மட்டும் சொன்னாள் சித்தி. கொண்டை ஊசியை உருவிக் குளவிக்கூட்டைச் சுரண்டினாள். முந்தானையை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே ஒரு கறுப்பு முள் தெரிந்தது. "இப்பப் போடுங்க."

தோட்டத்துக்கு நாளில் சில மணி நேரமே வரும் த்ரீ பேஸ் கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. சித்தப்பா ஸ்டார்ட்டரை அமுக்கினார். மோட்டார் உறுமி எழ, தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. வோல்டேஜ் முள் உயரத்தில் நின்றது. துடைத்த மீட்டரின் முள் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுக் கீழே அடங்கி நின்றது. சித்தப்பா, பார்த்தாயா என்பது போலச் சித்தியைப் பார்த்தார். சித்தி, கொஞ்சம் இருங்க என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கிழக்குத் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதற்கு அடுத்த தோட்டம். பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கம். கரண்ட் வந்தால் அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை பேரும் ஒன்றாகத்தான் போடுவார்கள். ஒவ்வொரு மோட்டார் கிளம்பும்போதும் எங்கள் வோல்டேஜ் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்க இறங்க, பக்கத்து முள் ஏறியது. சித்தப்பா ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். மோட்டாரின் சத்தம் இரைப்பு வந்தவர் மூச்சு போல மாறியது.

"மோட்டாரத் தொட்டுப் பாருங்க" என்றாள் சித்தி.

தொட்ட கையைச் சித்தப்பா உடனே எடுத்துக்கொண்டார்.

"நம்ம தோட்டம் லைனுக்கே கடைமடைங்க. கம்பி நெடுகத் தடுக்கும். எல்லாரும் ஒன்னா இழுத்தா வழியிலயே வோல்டேஜ் தீந்துபோட்டு நமக்கு மிச்சம் மீதிதான் வரும். வோல்டேஜ் கொறஞ்சுதுன்னு கெணத்து ஆழம் கொறையுமுங்களா? அதே தண்ணிய அதே ஒசரம் ஏத்தோணும். அதுக்கு மோட்டாரு கரண்ட அதிகமா இழுக்குது. அந்தச் சூட்டுலதான் காயில் வேகுது."

அவள் குரல் உயரவே இல்லை. எங்கண்ணன் மேல தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மெயினை அணைத்து, பியூஸ் கட்டையை உருவிக் காட்டினாள். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி இருந்தது.

"மெல்லிசாப் போட்டா சும்மா சும்மா போயிருது. அதான் தடிசாக் கட்டிப்போட்டேன்" என்றார் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற கெட்டிக்காரத்தனம் அது. போகாத பியூஸ் கட்டுவதில் பெருமையே உண்டு.

"போகட்டுங்க. போறதுக்குன்னேதானுங்க அத வெச்சிருக்குது. அது போகலீன்னா மோட்டாரு போகும்."

நான் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை தெரிந்த ஒருத்தி நான்கு மாதமாக எங்கள் வீட்டில் எனக்குத் தலைபின்னி விட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியமாக இருந்தது. பெரியவளானால் இவளைப் போலத்தான் ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். இன்றுவரை அந்த முடிவில் மாற்றமில்லை, பாதியாவது தேறியிருப்பேனா என்பதுதான் சந்தேகம்.

அதற்குப் பிறகு சித்தப்பா தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதே போலக் கரண்டுக்கும் முறை வைக்கலாம் என்றார். முதலில் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் மோட்டார் கருகியிருந்ததால் பிறகு ஒப்புக்கொண்டார்கள். மோட்டார் அதன்பின் கருகாமல் ஓடியது. வாழை பிழைத்தது.

ஆனால் வீட்டில் சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: "வோல்டேஜ் கோளாறு. காயில்ல ஒன்னுமில்ல." அப்பா "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் திட்டியவர் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்ல வேண்டாமா? எங்கள் வகுப்பு டீச்சர் அப்படித்தான் செய்யச் சொல்வார். சித்தி எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆடி நெருங்க நெருங்க அவள் வாசலைப் பார்ப்பது அதிகமானது. தலை ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க அண்ணன் வர வேண்டும். அவமானப்பட்டுப் போனவர் வருவாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆனி கடைசியில் முதல் தார் வெட்டினோம். முதல் தார் மாரியம்மன் கோயிலுக்குப் போவதுதான் முறை. சித்தப்பா அதைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டார், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார், நேராகப் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் போய் இறங்கினார். சாமிக்கு உரியதை இப்படிக் கொண்டுவந்துவிட்டாரே என்று எனக்குப் பயமாக இருந்தது.

சித்தியின் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "வாங்க மாப்ள" என்றார். தாரை உள்ளே இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். எனக்குத் தேங்காய் பன் கிடைத்தது. அவர்கள் மழையைப் பற்றியும் கரண்ட்டைப் பற்றியும் ஏதோ பேசினார்கள். ஒன்றும் சுவாரசியமில்லை.

வீடு திரும்பியதும் சித்தி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "என்ன கண்ணு பேசிக்கிட்டாங்க?"

"ஒன்னும் பேசலீங்க சித்தி. வோல்டேஜ் பத்தித்தான்."

"வோல்டேஜப் பத்தி என்ன?"

"நம்ம லைன்ல வோல்டேஜ் சரியில்லீங்க மச்சான், நாந்தான் மீட்டரப் பாக்காம உட்டுப்போட்டேன்னு சித்தப்பா சொன்னாரு. அந்த மாமா, அதனாலென்னங்க மாப்ள, ஆடிக்கு ரெண்டு பேரும் வந்துருங்க, நாளைக்கு வந்து முறையா அழைக்கறேன்னாரு. ஆனா சித்தப்பா மன்னிப்பே கேக்கலீங்க சித்தி."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உடனே சிரிக்கவும் செய்தாள். "சித்தப்பா என்ன சொன்னாரு? இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றாள்.

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். வோல்டேஜைப் பற்றி எங்கள் வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள் அவள்தான். தெரிந்த விஷயத்தை எதற்காக இத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.