இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒன்பது வருடமாக ஒரு மனிதர் மேல் தீராத கோபம். லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி அவர். அவர் பேச்சை எடுத்தாலே போதும், மாஸ்டர் குடிக்கிற டீயைப் பாதியில் வைத்துவிடுவார். டெஸ்ட் மைதானத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஆள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

"உன் ஸ்கூல்ல எவனும் வண்டி ஓட்டலய்யா. உன் கால்தான் ஓட்டுது."

அந்தப் பேச்சு வந்தது பட்டன் அக்காவால்.

அக்கா, சட்டை தைக்கிற கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெஷின் மிதித்து வந்தவள். கீழே கழன்று கிடக்கிற பட்டனை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் பெயின்டர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பெயின்ட் டப்பா ஏற்றிய பழைய கார் வாசலில் நின்றது, ஓட்டத்தான் இனி ஆளில்லை. அதுவரை அதில் கூட்டிப்போய்க்கொண்டிருந்த கொழுந்தன் மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். அதற்குள் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் பெயின்டர் கட்டிலோடு கிடந்து சாக வேண்டியதுதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கதவைத் திறந்து ரோட்டோரமாக வாந்தி எடுத்தாள். ஸ்டியரிங் வழுக்கும் அளவுக்குக் கை வியர்க்கும். எதிரில் லாரி வந்தால் கண்ணையே மூடிவிடுவாள். மாஸ்டர் பொறுமைசாலி இல்லை. ஆனால் பயந்தவர்களைத் திட்டினால் வேலைக்காகாது என்பது அவருக்குத் தெரியும். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் பக்கம் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். அக்கா தடுமாறும்போதெல்லாம் அவர் கால் அவரைக் கேட்காமலே அதை மிதித்துவிடும். வண்டி நிற்கும்.

"நின்னுடுச்சு மாஸ்டர்!" என்பாள், நம்ப முடியாமல்.

"நீதானம்மா நிறுத்துன. நல்லாத்தான் நிறுத்துன."

தைரியம் வரட்டும் என்று சொன்ன பொய். நாற்பது நாள் சொன்னார். தைரியமும் வந்தது. வாந்தி நின்றது. வீட்டு வாசலில் இறங்கும்போது சிரிக்கக்கூடச் செய்தாள். பெயின்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாஸ்டர், உங்களுக்கு இன்னும் கையும் காலும் இருக்கா?" என்று கேட்பார்.

டெஸ்டுக்கும் அதே கார்தான், பக்கத்து சீட்டில் உட்காருவது மட்டும் அதிகாரி. அவர் கால் சும்மா இருந்தது. "நிறுத்துங்க" என்றார். வண்டி மெதுவானது, நிற்கவில்லை. மைதானத்தில் நட்டிருந்த கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் அவரே மிதித்து நிறுத்தினார். பெயில். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை கம்பமே சாய்ந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு.

கொழுந்தன் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்.

மறுநாள் காலை மாஸ்டர் அவளை ஒரு பழைய குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்குக் கூட்டிப்போனார். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என் காலு தரையில படாது. நான் நிறுத்துன்னா நிறுத்து."

"சரி மாஸ்டர்."

"நிறுத்து!"

வண்டி போய்க்கொண்டே இருந்தது. அடுக்கி வைத்திருந்த காலி டிரம்களில் முட்டி, ஒரு பக்க விளக்கு நொறுங்கியது. டிரம் ஒன்று உருண்டு போய் எங்கோ மோதியது. மாஸ்டர் வாயைத் திறந்தார் திட்டுவதற்கு. அப்போதுதான் அவள் காலைப் பார்த்தார். முன்பாதம் மேலே தூக்கியிருந்தது. குதிகால் தரையில் ஆணி அடித்த மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, குதிகால்ல என்ன பண்ற?"

"நிறுத்துறேன் மாஸ்டர்."

"எத நிறுத்துற?"

அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள். தையல் மெஷினில் முன்பாதத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நின்று நூலை அறுக்கும். பதினெட்டு வருடப் பழக்கம். மற்ற நேரம் சொன்னபடி கேட்கிற கால், பயம் வந்துவிட்டால் கம்பெனிக்குப் போய்விடுகிறது.

அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"அப்ப இத்தனை நாள் யாரு மாஸ்டர் நிறுத்துனா?"

மாஸ்டர் இறங்கிப் போய் உடைந்த விளக்கைப் பொறுக்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

மறுநாள் அவளே ஒரு வழியோடு வந்தாள். செருப்பில் குதிகால் படுகிற இடத்தில், அடியில் காம்பு வைத்த ஒரு கோட்டுப் பட்டனைக் காம்பு மேலே துருத்தும்படி கவிழ்த்துத் தைத்திருந்தாள். குதிகாலை அழுத்தினால் சுருக்கென்று ஏறும், கால் தானாக முன்னால் பாய்ந்து பிரேக்கைத் தேடும். ஒன்பது நாள் அப்படியே ஓட்டினாள், குதிகால் புண்ணாகும் வரை. பத்தாவது நாள் நாலாவது டெஸ்ட். வண்டி கம்பத்துக்கு மூன்றடி முன்னால் நின்றது. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பயம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பாளாம். பின் சீட்டிலிருந்து பெயின்டர், "அடியே, அடிச்ச சுவரே காஞ்சிடும், கெளம்பு" என்பாராம். ஏழு மாதம் ஓட்டினாள். ஒரு கீறல் விழவில்லை.

ஏழாவது மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் மாஸ்டருக்குப் போன் வந்தது. கம்பெனி வாசலுக்குப் போனார். அக்கா காரில் உட்கார்ந்திருந்தாள், எஞ்சின் போடவில்லை. காலையில் புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்.

"கூப்பிட்டாங்க மாஸ்டர். பாதியிலயே மூச்சு நின்னுடுச்சாம். வந்து வாங்கிக்கச் சொல்றாங்க."

மாஸ்டர் கதவைத் திறந்தார். "தள்ளி உக்காரும்மா, நான் ஓட்டுறேன்" என்றார்.

"வேணாம். கொண்டுபோய் விட்டது நான். நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

ஏறி உட்கார்ந்தார். பெயின்ட் வாடை அடித்தது. சீட்டில் காய்ந்துபோன வெள்ளைச் சொட்டுகள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அது பெயின்டருடைய கார், இரண்டாவது பிரேக் கிடையாது. இருந்தும் மாஸ்டரின் வலது கால் வெறும் தரையில் எதையோ தேடியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் அந்தக் காரை விற்றுவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டாள், மாஸ்டரிடம் எதுவும் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான், சாவியைத் திருகுவதற்கு முன்னால்:

"மாஸ்டர், காலை மேல மடிச்சு வெச்சுக்குங்க."