சுபைறாவின் கணக்கு இலக்கம்

சாய்ந்தமருது சுபைறாவிடம் நீங்கள் எதையும் கேட்கலாம். வயதைக் கேட்டால் சொல்வாள். முழங்கால் வருத்தத்தைக் கேட்டால் மதியச் சாப்பாடு வரை சொல்வாள். வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முகம் இருண்டுவிடும், பேச்சு மழைக்கும் மீன் விலைக்கும் தாவிவிடும்.

அவள் கல்யாண மெத்தை, தலையணை தைக்கிறவள். இந்தக் கரையில் பெண் வீட்டார்தான் வீடு கட்டி, உள்ளே கட்டில் மெத்தையும் போட்டு மாப்பிள்ளையை எடுப்பார்கள். அதனால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகள் அகன்று, திருகோணமலைப் பாதையும் திறந்த பிறகு கிண்ணியாவிலிருந்தெல்லாம் ஓடர் வந்தது. ஆனால் தூரத்து ஆட்கள் காசைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார்களா? கல்யாண மெத்தை கேட்ட கிண்ணியா ஹுஸ்னியாவும் அதைத்தான் போனில் சொன்னாள்.

“ராத்தா, உங்கட பேங்க் நம்பரச் சொல்லுங்க. அட்வான்ஸ இண்டைக்கே போடுறன்.”

“அதெல்லாம் வாணாம் புள்ள. சாமான் ஏத்த வாற வான்காரர்ட்ட குடுத்து உடுங்க.”

“வான்காரரையும் எனக்குத் தெரியாதே. பேங்க்ல போட்டா என்னகா?”

“கிண்ணியாவிலயும் மழையா?” என்றாள் சுபைறா.

பயம் சும்மா வரவில்லை. சுனாமி அவளுடைய வீட்டையும் புருஷன் சீனிமுகம்மதுவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அவள் முகாம் கூடாரத்தில் விதவைக்குரிய இத்தா இருந்த நாட்களில் நிவாரணக் காசு வங்கிக்கு வந்தது. வெளியே இறங்க முடியாது. அதனால் பணம் எடுக்கும் துண்டுகளில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து, கூடப்பிறந்த நானா மீராசாவிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் சல்லிக் காசு பிசகாமல் கொண்டுவந்தார். பக்கத்துக் கூடாரத்து றஹீமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் வந்து விவரமெல்லாம் எழுதிக்கொண்டு போனான். அடுத்த கிழமை கணக்கு துடைத்துக் கிடந்தது. அவன் எதிலெல்லாம் கையெழுத்து வாங்கினான் என்று யாரும் விசாரிக்கவில்லை. “நம்பரக் குடுத்தா, காசு போயிட்டு” என்பதுதான் முகாம் முழுக்கப் பரவிய கதை. சுபைறா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

கணக்கில் கிடந்த காசு மகள் சம்ஹாவின் வீட்டுக்கு. சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரை இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? ஆகவே வங்கிப் புத்தகத்தை அவள் தன் தலையணைக்குள் பஞ்சோடு பஞ்சாக வைத்துத் தைத்து, தினமும் அதன்மேல் தலைவைத்துத் தூங்கினாள். புத்தகத்தின் உறைக்குள் கையெழுத்து வைத்த துண்டு ஒன்றும் மிச்சம் இருந்தது. கடல் இன்னொரு தரம் வந்து தன்னைக் கொண்டுபோனால் மகள் அலையாமல் காசை எடுக்கட்டும் என்று வைத்தது. வாசலை இறுக்கிப் பூட்டிவிட்டுத் திறப்பைப் பூட்டிலேயே விட்ட மாதிரி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஹுஸ்னியா கடைசியில் அலுத்துப்போய் அட்வான்ஸை வான்காரரிடமே கொடுத்துவிட்டாள். சாமான் கைக்கு வந்த பிறகு மிச்சம் என்று பேச்சு. சுபைறா ரோசாப்பூச் சீத்தைத் துணியில் மெத்தையும் தலையணைகளும் தைத்தாள். மிஞ்சிய துணியில் தன் தலையணைக்கும் புது உறை போட்டாள். மிஞ்சிய துணி அவளுக்குத்தான், அது அவளுடைய வழக்கம். வான் வந்தபோது அவள் பின்னேரத்து அசர் தொழுகையில் நின்றாள். சம்ஹா ரோசாப்பூ போட்டதையெல்லாம் அள்ளி ஏற்றிவிட்டாள். பிள்ளை சுறுசுறுப்பானவள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

பொழுது பட்டு முதுகைச் சாய்க்கப் போனபோதுதான் சுபைறாவுக்கு விஷயம் விளங்கியது. புத்தகம் தைத்த தலையணையும் கிண்ணியாவுக்கு வான் ஏறிவிட்டது.

போன் எடுத்து ‘அந்தத் தலையணையைத் திருப்பி அனுப்புங்க’ என்று சொல்லலாம். ஏன் என்று ஹுஸ்னியா கேட்பாள். கேட்டால் பிரித்துப் பார்ப்பாள். சொல்லாமல் விட்டால் அதன்மேல் கல்யாணப் பெண் தூங்குவாள். என்றைக்காவது கையில் தட்டுப்படும். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. அடுத்த நாள் முழுக்க அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக வீட்டுக்குள் நடந்தாள். சோறு இறங்கவில்லை. நடுவில் ஹுஸ்னியாவே மூன்று நான்கு தரம் கோல் எடுத்தாள். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, மணி அடிக்க அடிக்க சுபைறா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உம்மா, எடுங்களன்” என்றாள் சம்ஹா.

“நீ வாயப் பொத்து!” பெற்ற பிள்ளையிடம் எரிந்து விழுந்தாள்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் கல்முனை வங்கியில் போய் நின்றாள். உசாந்தினி என்ற பிள்ளை கவுண்டரில் இருந்தாள்.

“கணக்கு நம்பர் என்னக்கா?”

சுபைறா பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தனக்கே அந்த இலக்கம் தெரியாது என்பது உறைத்தது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள். அடையாள அட்டையை நீட்டி, நடந்ததைக் காதோடு காதாகச் சொன்னாள்.

“நம்பர் மட்டும் ஒருத்தருக்குத் தெரிஞ்சா காசு போடத்தான் ஏலும், எடுக்க ஏலா” என்றாள் உசாந்தினி. “கடைக்காரர் எல்லாரும் குடுக்கிறவைதானே. ஆனா புத்தகமும் கையெழுத்தும் ஒண்டாப் போனா கரைச்சல்தான். என்னத்துக்கு அக்கா சும்மா கையெழுத்து வெச்சீங்க?”

“நான் மவுத்தாப் போனா மகள் எடுக்கிறதுக்கு.”

உசாந்தினி குரலைத் தாழ்த்தினாள். “மவுத்தாப் போனாக்கள்ற கையெழுத்துக்கு வங்கி காசு குடுக்காதக்கா. அதுக்கு மகள்ற பேரைப் பதிஞ்சு வெக்கணும்.”

இத்தனை வருஷம் மகளுக்கென்று வைத்த துண்டு, மகளைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் உதவியிருக்கும். “அப்ப காசு?” என்றாள்.

“பயப்படாதீங்க, ஒருத்தரும் எடுக்கல்ல” என்றாள் உசாந்தினி திரையைப் பார்த்து. “நேற்று கிண்ணியாக் கிளையில ஆரோ காசு போட்டிருக்காங்க.”

மெத்தையின் மிச்சக் காசு. சதம் குறையவில்லை. உசாந்தினி நீட்டிய படிவத்தில் சம்ஹாவின் பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு, சுபைறா வாசல் வாங்குப் பலகையில் குந்தி ஹுஸ்னியாவுக்கு கோல் எடுத்தாள்.

“ராத்தா! எத்தின தரம் எடுத்தன்! உங்கட புத்தகம் எனக்கிட்ட பத்திரமா கிடக்கு. அந்தக் கையெழுத்துத் துண்ட அடுப்புல போட்டுட்டன். நீங்க ஏன் உடனே எனக்கிட்ட சொல்லல்ல?”

பொய் ஒன்று வாய்வரை வந்தது. சுபைறா அதை விழுங்கிவிட்டாள்.

“உங்கள நம்பல்ல புள்ள.”

கோபித்துப் போனை வைத்துவிடுவாள் என்றுதான் சுபைறா நினைத்தாள்.

“ஓம் ராத்தா” என்றாள் ஹுஸ்னியா. “நான் மட்டும் என்ன? உள்ளுக்கு நல்ல பஞ்சுதானா, பழசத் திணிச்சு ஏமாத்திட்டீங்களா எண்டு தையலப் பிரிச்சுப் பாத்தன். அப்பதான் புத்தகம் வந்திச்சு.”